மருந்துக்காரர் படித்த படிப்பு

எலிக்கும் கரையானுக்கும் மருந்தடிக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மருந்துக்காரர்தான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. மகளைத் தூக்க வேண்டுமென்றால்கூட மனைவி முதலில் குளித்துவிட்டு வரச் சொல்லுவாள்.

ஓர் அலுவலகத்தின் மேல்மாடி வென்டிலேட்டருக்குள் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. எச்சம் விழுகிறது, அடைத்துவிடு என்றார் மேனேஜர். சாயங்காலம் தாய் இரைக்குப் பறந்ததும் மருந்துக்காரர் கம்பிவலை வைத்து, ஓரத்தில் சிமென்ட் பூசிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன, யாருக்கும் வேலை ஓடவில்லை.

"சத்தம் வராம பண்ணிடுப்பா," என்றார் மேனேஜர்.

வலை வழியாகப் புகை மருந்தை விட்டார். சத்தம் நின்றது. வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கியவர், பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷமே வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டார். சம்பளத்தில் விழுந்த துண்டை அடைக்க மனைவி அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் வாங்கித் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த அவள் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"என்ன மாப்ளே, இத்தனை வருஷமா கொன்ன எலிக்கெல்லாம் இப்பப் பாவமன்னிப்பா?"

மனைவியும் சிரித்தாள். மச்சான் சொன்னதைவிட அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

கல்லூரியில் பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். பெஞ்சில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலி. ஒரு பெண் நேரிலேயே சொல்லிவிட்டாள்: "தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். உங்க சட்டையில ஏதோ வாடை வருது, எனக்குத் தலை வலிக்குது." அன்றிலிருந்து ஜன்னலோரம் நின்றபடியே பாடம் கேட்டார். முதல் வருஷம் இரண்டு பேப்பரில் கோட்டை விட்டார். பெரியவர்களில் யாரும் நம்பவில்லை. மகள் மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள், எங்கப்பா மிருகங்களைக் காப்பாத்தப் படிக்கிறார் என்று.

பட்டம் வாங்கியபின் போன இடத்திலெல்லாம் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வனத்துறை அதிகாரி ஒருவர் மட்டும் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விஷம் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

கரையிலிருந்து தள்ளி ஒரு தீவு. தரையில் முட்டையிடும் கடல்பறவைகள் அங்கே வருகின்றன. எப்போதோ மனிதர்கள் விட்டுப்போன பூனைகள் பெருகி, குஞ்சு ஒன்றைக்கூட மிச்சம் வைப்பதில்லை. பூனைகள் தீர்ந்தால்தான் பறவைகள் பிழைக்கும்.

"படிச்ச பிள்ளைங்க வர்றாங்க, ரெண்டாவது வாரமே அழுதுட்டுப் படகு ஏறிடறாங்க," என்றார் அதிகாரி. "நீங்க தாக்குப் பிடிப்பீங்க."

பிடித்தார். வீட்டில் கேட்டபோது, பறவையைக் காப்பாற்றுகிற வேலை என்று மட்டும் சொன்னார்.

பள்ளி விடுமுறையில் மனைவியும் மகளும் சாமான் படகில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தகரக் கொட்டகைக்குப் பின்னால் கூண்டில் அகப்பட்டிருந்த பூனையை அவள்தான் முதலில் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"மடியில பால் கட்டியிருக்குப்பா. குட்டி இருக்கும்."

"இருக்கும்மா."

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது கூண்டு திறந்து கிடந்தது. மகள் பக்கத்திலேயே நின்றாள், ஓடவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் காலை அவளைக் கையைப் பிடித்துப் பறவைத் திடலுக்குக் கூட்டிப்போனார். மனைவியும் பின்னால் வந்தாள். குஞ்சுகள் கழுத்தறுந்து கிடந்தன. பூனை தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது அதிகம். தாய்ப்பறவை ஒன்று வாயில் மீனோடு செத்த குஞ்சின் பக்கத்தில் நின்றது.

"நல்லாப் பாரு. இது நீ பண்ணினது."

"சின்னப் பொண்ணுங்க அவ," என்றாள் மனைவி.

"பார்க்கட்டும்."

மகள் அங்கேயே வாந்தி எடுத்தாள். மனைவி தன் சேலையால் அவள் வாயைத் துடைத்தாள். "அந்தக் கம்பெனியில இருந்தப்ப உங்க கையில மட்டும்தான் விஷம் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டப் போனாள். அடுத்த படகில் இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அந்தப் பூனை பிறகு அகப்பட்டது. பாறை இடுக்கில் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. அவற்றையும் அவரே முடித்தார். வேறு ஆள் இல்லை.

மறுவருஷம் திடல் முழுக்கக் குஞ்சுகள் பறக்கப் பழகின. அதிகாரிகள் வந்து அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கும் சந்தோஷம்தான், பொங்கிப் பொங்கி வந்தது. அந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பினார். மகள் போன் பண்ணினாள்.

"அந்தப் பூனை தப்பிச்சிடுச்சாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா," என்றார்.

"குட்டிங்க?"

"அதுங்களும்தான்."

"அம்மாகிட்ட தர்றேன்," என்றாள்.

இப்போது அவர் மூன்றாவது தீவில் இருக்கிறார். மகள் கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்கிறாள். லீவுக்கு அவர் வந்தால் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள், தட்டு வைப்பாள், பரிமாறுவாள். எதிரே மட்டும் உட்காரமாட்டாள்.