ஆதாம் பழம் தின்ன மாட்டேன் என்ற அன்று

ஆதாம் பழத்தைத் தின்ன மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேடையில், ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது, திட்டவட்டமாகச் சொல்லிவிட்டான். அப்போது நான்தான் கடவுள்.

பதறாதீர்கள், விளக்கமாகச் சொல்கிறேன். எனக்கு வில்லியனூரில் மைக் செட் கடை. தேர்த் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி என்று நான் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டாத இடம் இல்லை. இப்போது கடையை மகன் பார்க்கிறான். தொழிலுக்குப் புதிதாக வரும் பசங்கள் என்னிடம் வந்து, "அண்ணே, மைக் விசில் அடிச்சா இன்னா பண்றது?" என்று கேட்கிறார்கள். மைக்கை ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேராகக் காட்டாதே, அவ்வளவுதான் விஷயம். அதைவிடக் கஷ்டமான ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. எப்போது கையை வைப்பது, எப்போது வாயை மூடுவது என்பதுதான் அது. பாகூர்ப் பக்கம் ஒரு மாதா கோயிலில் அதைக் கற்றுக்கொண்டேன்.

1. கடவுளுக்கு எக்கோ எவ்வளவு

அந்தக் கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம் போடுவார்கள். ஆதாமில் தொடங்கி ஏசு பிறக்கும் மாட்டுக்கொட்டிலில் முடியும். கடவுள் மேடைக்கு வரமாட்டார், குரல் மட்டும்தான். ஒரு வருடம் குரல் கொடுக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக் என் கையில் இருந்தது, நானே பேசிவிட்டேன். என் குலதெய்வம் அங்காளம்மன். அதை யாரும் கேட்கவில்லை, குரல் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான்தான் அங்கே கடவுள். எக்கோவைக் கொஞ்சமாக வைத்தால் கடவுள், முழுசாகத் திருகினால் பேய்ப் படம். அந்த அளவு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம்.

வீட்டில் என் மனைவி செல்வி, "கடவுளே, கேஸ் தீந்துபோச்சு, ஃபோன் பண்ணு" என்பாள். இருந்தாலும் வருடத்தில் ஒரு நாள் கடவுளாக இருப்பது சாதாரண சுகமா? பேசிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் புது ஃபாதர் வந்தார். இளைஞர், நல்ல மனிதர். ஆனால் நாடகம் வேண்டாம், எல்இடி திரை வைத்துப் படம் போடலாம் என்றார். நாடகம் எழுதும் ரீட்டா டீச்சர் சண்டைக்கே போய்விட்டார். கடைசியில் ஃபாதர், "சரி, இந்த வருஷம் பாப்போம். ஏதாவது குளறுபடி ஆச்சுன்னா அடுத்த வருஷம் படம்தான்" என்று முடித்தார். படத்தில் கடவுள் ஏற்கெனவே டப்பிங் பேசி வந்துவிடுவார். அப்புறம் நான் எதற்கு?

ஒத்திகையில் ஒரு நாள் டீ குடிக்கும்போது ஃபாதரிடம் கேட்டேன்.

"ஃபாதர், இவன் பழத்தைத் தின்னுவான்னு கடவுளுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"எல்லாம் அவர் கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப பாவத்தை ஆரம்பிச்சு வச்சது யாரு?"

ஃபாதர் என் மைக் செட் மிக்சர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இது உங்க செட். கரண்ட் இல்லன்னா யாரும் இதுல பேச முடியாது. ஆனா ஒருத்தன் மைக்கைப் புடிச்சுக் கெட்ட வார்த்தை பேசினா அது உங்க பேச்சா? கரண்ட் உங்களுது, பேச்சு அவனுது."

அட, நம் தொழிலை வைத்தே சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். ஆனாலும் விடவில்லை. "கெட்ட வார்த்தை பேசுவான்னு தெரிஞ்சே நான் அவன் கையில மைக்கைக் குடுத்தா?"

ஃபாதர் என் கையிலிருந்த டம்ளரைக் காட்டினார். "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

2. குஸ்கா

ஆதாமாக நடித்தவன் சூசை. கரும்பு போடுகிறவன், ஆள் வாட்டசாட்டம். ஏவாளாக நடித்தவன் அந்தோணி, சூசையின் தங்கை புருஷன். எங்கள் பக்கத்து நாடகத்தில் ஏவாளும் ஆம்பளைதான். முழங்கால்வரை விக்கு வைத்து, மேலே வாழைச்சருகு கட்டிவிட்டால் முடிந்தது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரு தகராறு. அந்தோணி தன் மகளின் புதுநன்மைக்கு, அதாவது கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் சடங்குக்கு, பிரியாணி விருந்து வைத்தான். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த சூசைக்குக் கறித்துண்டு விழவில்லை, வெறும் குஸ்கா விழுந்தது. தாய்மாமனுக்குக் குஸ்காவா! சூசை இலையை மடித்து எழுந்து, கோயிலில் இருக்கும் புனித அந்தோணியார் சிலைக்கு முன்னால் போய் நின்று, "இனிமே இவன் கையால பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிச்சா நான் மனுஷன் இல்ல" என்று சத்தியம் செய்துவிட்டான். எங்கள் பக்கம் கை நனைக்காமல் இருப்பது என்றால் விளையாட்டில்லை. பேசுவார்கள், ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், சாவுக்குக்கூடப் போவார்கள், ஒரு வாய் காப்பி மட்டும் வாங்க மாட்டார்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை. ஒத்திகையில் அந்தோணி வெறுங்கையை நீட்டுவான், சூசை வெறும் வாயை மெல்லுவான். சத்தியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை.

நாடகத்தன்று ஃபாதர், "நிஜப் பழம் வேணும், நறுக்குன்னு கடிக்கிற சத்தம் கேக்கணும்" என்றார். அந்தோணி ஓடிப்போய்த் தன் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து பறித்து வந்தான். அவன் கை, அவன் வீட்டுப் பழம். போதாதா?

3. பாவமே வேண்டாம்

பாம்பாக வந்தவன் ரமேஷ், டவுன் பஸ் கண்டக்டர். ஏவாளைப் பேசி மயக்கினான். ஏவாள் ஒரு கடி கடித்துவிட்டு ஆதாமிடம் நீட்டினாள். சூசை கொய்யாவைப் பார்த்தான், அந்தோணியின் முகத்தைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தின்னமாட்டேன்."

முதலில் எல்லோரும் புது வசனம் என்று நினைத்தார்கள். ரமேஷ் நெளிந்துகொண்டே அருகில் போய், "அண்ணே, தின்னுண்ணே, டைம் ஆவுது" என்றான்.

"தின்னலன்னா உலகத்துல பாவமே வராதுல்ல? நல்லதுதானடா?"

கூட்டத்தில் கைதட்டல். "கரெக்டா கேக்குறான்யா!" என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். சூசையின் மனைவி முதல் வரிசையிலிருந்து, "தின்னாதய்யா! சத்தியம் பண்ணியிருக்க!" என்று கத்தினாள்.

ரமேஷுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நீ தின்னாத்தான் ஏசு பொறப்பாரு! கொழந்தைங்க ஆட்டு வேஷம் போட்டுக்கினு நிக்குதுங்கண்ணே!" என்றான். சாத்தானே மீட்புக்காக மன்றாடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி, "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று அழுதது.

ஃபாதர் என்னிடம் ஓடி வந்தார். நான் மைக்கை எடுத்திருந்தேன். 'ஆதாமே, தின்னுத் தொலை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஐயோ, நீங்க பேசாதீங்க! கடவுளே பாவம் பண்ணச் சொன்ன மாதிரி ஆயிடும்! மேடை மைக்கை எறக்குங்க!" என்று சொல்லிவிட்டு, திரையை இழுக்கச் சொல்ல அந்தப் பக்கம் ஓடினார்.

ஆதாம், ஏவாள் இரண்டு பேர் காலர் மைக்குக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினேன். போச்சு, எல்லாம் போச்சு. அடுத்த வருடம் எல்இடிதான். ஆனால் என் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. வெளியே கேட்காததும் அதில் கேட்கும். அந்தோணி முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அன்னிக்கு கறி தீந்துபோச்சுய்யா. எனக்கும் குஸ்காதான்."

சூசை மெதுவாகச் சொன்னான்: "ஊரே பாக்க அசிங்கப்படுத்திட்டு, இப்ப காதோட சொல்றியா?"

பாவி, இவனுக்கு வேண்டியது கறி இல்லையே என்று எனக்குச் சுரீரென்று உறைத்தது. திரைக்கயிற்றில் ஆள் கை வைத்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு விரலால் அந்தோணியின் ஃபேடரை மேலே தள்ளினேன்.

தென்னை மரங்களில் நான் கட்டியிருந்த ஹார்ன் எல்லாவற்றிலும் அந்தோணியின் குரல் கிளம்பியது. "நீ தாய்மாமன்யா. உனக்கு எடுத்து வச்சிட்டுத்தான் மத்தவனுக்குப் போட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். நீ வராம எங்க வூட்ல ஒரு விசேஷமும் நல்லா இல்ல மச்சான். உன் தங்கச்சி தெனம் அழுவுறா."

தன் குரல் மரத்திலிருந்து வருவதைக் கேட்டு அந்தோணியே அண்ணாந்து பார்த்தான். ஃபாதர் திரைக்கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

சூசை கொய்யாவைப் பிடுங்கி ஒரே கடியாகப் பாதியைக் கடித்தான். நான் அவன் மைக்கையும் ஏற்றினேன். நறுக்கென்ற சத்தம் பாகூர் ஏரிவரை கேட்டிருக்கும். விசில் பறந்தது, துண்டு பறந்தது. முதல் பாவத்துக்கு அப்படி ஒரு கைதட்டலை எந்த ஊரிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேண்டாம் என்று கத்திய சூசையின் மனைவிதான் முதலில் மூக்கைச் சிந்தினாள்.

அடுத்து நான் கோபமாகப் பேச வேண்டும். எக்கோவைத் திருகி, "ஆதாமே, எங்கே போனாய்?" என்றேன்.

அவன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்க வேண்டும். அதை மறந்தே போனான். வாய் நிறையக் கொய்யாவோடு, "இங்கதான் சாமி, மச்சான் கூட கீறேன்" என்றான்.

தோட்டத்தை விட்டு வெளியே போங்கள் என்று இரண்டு பேரையும் துரத்தினேன். தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் மாட்டுக்கொட்டில்வரை நாடகம் தடங்கல் இல்லாமல் ஓடியது, ஓர் ஆட்டுக்குட்டியின் டிரவுசர் நனைந்ததைத் தவிர.

4. டீ

ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஃபாதர் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். எல்இடி பேச்சை எடுக்கவே இல்லை. "அடுத்த வருஷமும் நீங்கதான் கடவுள்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

தம்பிகளா, இதுதான் நான் சொல்ல வந்தது. மேடையில் இருப்பவன் வாயில் நம் பேச்சைத் திணிக்கக் கூடாது. அவனே சொல்வதை அமுக்கவும் கூடாது. ஹெட்ஃபோனைக் கழற்றாதே, விரலை ஃபேடரிலிருந்து எடுக்காதே.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. இன்னிக்கு நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"நான் ஒரு வார்த்தை பேசல ஃபாதர். கரண்ட் என்னுது, பேச்சு அவனுது."

"அவன் பேசினா இவன் தின்னுவான்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே ஃபேடரை ஏத்தினீங்க?"

நான் அவர் கையிலிருந்த டம்ளரைக் காட்டினேன்.

"டீ ஆறுது ஃபாதர்," என்றேன், "குடிங்க."