மீசையோடு ஆறு மீட்டர் ஆழத்தில்

கோடையில் இரண்டு முறை தோற்றேன். காரணம் என் மீசை. நீருக்கடியில் மூழ்கப் பழக்கும் ஸ்கூபா வகுப்பில் நானும் என் மனைவி வதனியும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அவள் ஜூலையிலேயே தேறிவிட்டாள். எனக்கோ கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் முகத்தில் ஒட்டவில்லை. மீசை இடுக்கால் தண்ணீர் கசிந்து மூக்குவரை ஏறும், நான் பதறிக்கொண்டு மேலே வந்துவிடுவேன். இந்த ஆண்டின் கடைசிச் சோதனை அக்டோபர் கடைசி ஞாயிறு. அதையும் கோட்டைவிட்டால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"வழிச்சு எறியுங்கோவனப்பா. திரும்ப முளைக்காதோ?" என்றாள் வதனி.

"ஏலாது. நான் மீசையோடதான் பாஸ் பண்ணுவன். நீர் சும்மா இரும்."

வாயை விட்டுவிட்டேன், இனி என்ன செய்வது? லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் தினமும் முகத்தை முக்கி, மாஸ்க்குக்குள் வரும் நீரை மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகினேன்.

சோதனையன்று காலை ஏழரைக்கு வதனியும் நானுமாகப் புறப்பட்டோம். மேற்கே நாற்பது நிமிடக் கார் ஓட்டம். சரளைக்கல் அள்ளிய பள்ளத்தில் நீர் நிறைந்து உருவான ஏரி அது. நுழைவு ஆளுக்கு இருபது பவுண், சிலிண்டரில் காற்று நிரப்ப ஏழு. தண்ணீரின் குளிர் பன்னிரண்டு பாகை செல்சியஸ். உடம்பு நனையாத ட்ரை சூட் வாடகைக்குக் கிடைக்கிறது, கஞ்சத்தனம் பார்க்காமல் எடுங்கள்.

கோடையில் கீரைச் சாறு போல இருந்த ஏரி இது. குளிர் தொடங்கிப் பாசி அடங்கியதும் ஏழெட்டு மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மீட்டர் ஆழத்தில் முழங்காலிட்டோம். பயிற்சியாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மாஸ்க்கைக் கழற்றும்படி சைகை காட்டினார். கழற்றினேன். குளிர் முகத்தில் அறைந்தது. திரும்ப மாட்டி, மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதினேன். கண்ணைத் திறந்தால் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்! கத்த வேண்டும் போலிருந்தது, வாயில் காற்றுக் குழாய் இருந்ததால் முடியவில்லை.

பிறகு சும்மா மிதந்தோம். என் மாஸ்க் கசிந்துகொண்டேதான் இருந்தது. அவ்வப்போது ஊதிவிட்டு வேடிக்கை பார்த்தேன். மூழ்கிய படகைச் சுற்றி வரிவரியான பேர்ச் மீன்கள். தலைக்கு மேலே மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்து, அடிப்பக்கத்தைக் காட்டியபடி அசைந்தன. என் மூச்சைத் தவிர ஒரு சத்தமில்லை. லண்டனில் இத்தனை ஆண்டுகளில் இப்படியோர் அமைதியை நான் அறிந்ததில்லை.

திடீரென்று வதனி என் தோளைப் பற்றினாள். ரப்பர் தலையுறையிலிருந்து நழுவிய முடிக்கற்றை விளிம்பில் சிக்கி, அவளுடைய மாஸ்க் பாதிவரை நிறைந்திருந்தது. அவளுக்கு அதுவரை ஒருநாளும் கசிந்ததில்லை. படித்ததெல்லாம் மறந்து மேலே பாயப் பார்த்தாள். கையை இறுக்கிப் பிடித்தேன். முடியை ஒதுக்கிவிட்டு, என் மாஸ்க்கிலேயே செய்து காட்டினேன். அழுத்தினாள், ஊதினாள். இரண்டாவது முறை நீர் முழுதும் இறங்கியது. பயிற்சியாளர் வந்து சேர்வதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

போக நினைப்பவர்கள் அக்டோபரில் போங்கள். கையுறையும் பிளாஸ்க்கில் தேநீரும் கட்டாயம். மீசைக்காரர்கள் வழிக்கத் தேவையில்லை, ஊதப் பழகினால் போதும். கூட மூழ்கும் துணையை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நான் தேறிவிட்டதாகக் கையெழுத்திட்ட பயிற்சியாளர், குளிர்காலத்தில் இறங்க அனுபவசாலி ஒருவரைத் துணைக்குத் தரட்டுமா என்று வதனியிடம் கேட்டார். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்களோடதான் இறங்குவன்."