சுகுணம்மா பெயரில் போன என் வடகம்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், பாதி மறந்தும் போவேன். என் மருமகள் லாவண்யா நெட்டில் ஊறுகாய்க் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு ஒரு பிளாக்கும் உண்டு. "தெலுங்குல நான் எழுதறேன் அத்தய்யா, தமிழ்ல நீங்க எழுதுங்க. திருப்பதிக்கு எவ்ளோ தமிழ்க்காரங்க வர்றாங்க. எழுதறதுக்கு என்ன செலவு?" என்றாள். கையில் காசில்லாதவர்கள் நெட் கடையை எப்படி நாலு பேருக்குத் தெரிய வைப்பது என்பதை நான் எழுத வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் எழுதிய தாளைப் போட்டோ பிடித்து அப்படியே போட்டுவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இங்கே தினமும் காலையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. கூரியர்க்காரர் வந்து கேட்டைத் தட்டி, "சுகுணம்மா காரு மீரேனா?" என்று கேட்பார். சுகுணம்மா நீங்கள்தானா என்று அர்த்தம். நான் "அவுனு" என்று தலையாட்டிப் பார்சல்களை எடுத்துக் கொடுப்பேன். நான் சுகுணம்மா இல்லை. சுகுணம்மா என் சம்பந்தி, லாவண்யாவின் அம்மா, சித்தூரில் இருக்கிறார்கள். கடைக்கு அவர்கள் பெயர் வைத்திருப்பதால் பார்சலிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. இல்லை, நான் வேறு ஆள் என்று விளக்குகிற அளவுக்கு எனக்குத் தெலுங்கு வராது. ஆகவே தினமும் காலையில் கொஞ்ச நேரம் நான் சுகுணம்மாவாக இருக்கிறேன்.

எனக்கு ஊர் செய்யாறு பக்கம். வீட்டுக்காரர் போன பிறகு மகன் குமார் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். துபாய்க்குப் போகிறவர்களை ஊரார் அழுது வழியனுப்புவார்கள். என்னை அனுப்பும்போது யாரும் அழவில்லை. "குடுத்து வச்சவ, தெனம் பெருமாள பாத்துக்கினு இருக்கலாம்" என்று சிரித்தார்கள். மலைக்கு நான் போனது எப்போதோ ஒரு முறை. மற்ற நாளெல்லாம் பார்ப்பது வாசலில் வரும் பால்காரரையும் கூரியர்க்காரரையும்தான். பஸ் ஏறினால் அரை நாளில் ஊருக்குப் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்துகொண்டு நானும் நாடு விட்டு வந்தவள் என்று சொன்னால் என் தம்பிகூட நம்ப மாட்டான். பக்கத்து வீட்டுச் சிரிப்பு எதற்கென்று புரியாத இடம் வேறு நாடுதான் என்பது என் அனுபவம்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்த வருஷமே வடகம் போட்டேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பங்குனி வெயிலில் காயவைக்கிற தாளிப்பு வடகம். நம் பக்கத்து ஜனங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. லாவண்யா ஒரு நாள் அதைப் பருப்பில் தாளித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதையும் கடையில வெக்கலாம் அத்தய்யா" என்றாள். அவள் அம்மாவின் ஆவக்காய்க்குப் பக்கத்தில் என் வடகமும் ஏறியது.

சுகுணம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுக்காரர் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாங்காய் எந்தத் தோப்பில் நன்றாக இருக்கும் என்று அவர்கள் குடும்பத்துக்கே தெரியும். போனை எதிரே நீட்டினால் போதும், சுகுணம்மா தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு, எதிரில் ஊரே உட்கார்ந்திருப்பதுபோலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என் பக்கம் போனைத் திருப்பினால் என் கை தானாக முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும். அவர்கள் என்னை அண்ணி என்கிற அர்த்தத்தில் "வதினா" என்று கூப்பிட்டு நீ, வா, போ என்பார்கள். நான் நீங்க, வாங்க என்பேன். எனக்கு அதிலும் ஒரு எரிச்சல் உண்டு.

எங்கள் ஊரில் கடை திறந்தால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கத்தியபடி போவார்கள். லாவண்யாவுக்கு மைக்கும் இல்லை, விளம்பரத்துக்குக் காசும் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று இங்கே மண்டபத்தில் நடந்தது. கல்யாண வீட்டாரைக் கேட்டு, தாம்பூலப் பையில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு குட்டிப் பொட்டலம் போட்டாள். சில பையில் ஆவக்காய், சில பையில் என் வடகம், ஒவ்வொன்றிலும் கடையின் போன் நம்பர். பொட்டலம் கட்டிய செலவு மட்டும்தான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் நம் பொருளைத் தாங்களே ஊர் ஊராக எடுத்துப் போய்விடுகிறார்கள். புதிதாகத் தொழில் செய்கிறவர்கள் இதைச் செய்யலாம். ஆனால் நான் பட்டதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பெண் வீட்டார் ஹைதராபாத். அந்தப் பக்கம் வடியாலு என்று உருண்டையாகக் காயவைத்து, எண்ணெயில் பொரித்துச் சோற்றோடு கடித்துக்கொள்வார்கள். என் வடகத்தையும் அதுதான் என்று நினைத்து முழுசு முழுசாகப் பொரித்துத் தின்றிருக்கிறார்கள். முழு உருண்டையைப் பொரித்தால் வெந்தயமும் கடுகும் கருகி வாயில் வைக்க முடியுமா? அங்கிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். லாவண்யா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். அந்த அம்மா நிறையப் பேசினார்கள். வடியாலு என்பது மட்டும் காதில் விழுந்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த "மஞ்சிதி அம்மா, மஞ்சிதி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நல்லது அம்மா, நல்லது என்று அர்த்தம். அவர்கள் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

சாயந்திரம் லாவண்யா போனைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப் போனாள். கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். வாயெல்லாம் கசக்கிறது, கேட்டால் நல்லது நல்லது என்று கேலி செய்கிறார்கள் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் அதன் கீழே ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஆவக்காய்க்கு மட்டும் அஞ்சு நட்சத்திரமாக வந்திருந்தது. குமார் சாப்பிட்டபடி, "வடகத்த எடுத்துடு லாவண்யா. மாமியாரு ஆவக்கா நல்லா போவுதுல்ல, அது போதும்" என்றான். பெற்ற பிள்ளை சொல்கிறான். லாவண்யா என் முகத்தைப் பார்த்து, "ஒரு மாசம் பாக்கலாம். அப்பவும் இப்டியே வந்தா எடுத்துடலாம், சரியா அத்தய்யா?" என்றாள். நான் சரி என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த வடகம் ஒன்றுதான்.

விஷயம் கேள்விப்பட்டு சுகுணம்மா சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வந்த உடனே அடுப்பைப் பற்றவைத்து, லாவண்யா கையில் போனைக் கொடுத்தார்கள். வடகத்தை முழுசாகப் பொரிக்கக் கூடாது, இவ்வளவு கிள்ளி உதிர்த்து எண்ணெயில் போட்டு, சிவந்ததும் பருப்பில் கொட்ட வேண்டும் என்று தெலுங்கில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். உருட்டிக் காட்டியது நான். வீடியோவில் என் கை மட்டும் வந்தது. குற்றம் சொன்ன அந்த அம்மாவுக்கும் போன் போட்டு, எங்கள் வதினாவுக்குத் தெலுங்கு வராது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று பேசி வேறு பொட்டலம் அனுப்பினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்த வீடியோவை வாட்சப் ஸ்டேட்டஸில் வைக்கச் சொன்னார்கள். குமாரை வேன் டிரைவர்கள் குரூப்பில் போடச் சொன்னார்கள். வாங்கினவர்கள் தாளித்த போட்டோ அனுப்பினால் அதையும் போட்டார்கள். செலவு ஒன்றும் இல்லை, வாய்தான் செலவு. எனக்கு இல்லாதது அதுதானே.

வடகம் விற்க ஆரம்பித்தது. விஜயவாடாவுக்குப் போகிறது, பெங்களூருக்குப் போகிறது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் "சுகுணம்மா வடியாலு" என்று கேட்கிறார்கள். வெங்காயம் உரித்துக் கண் எரிந்தது எனக்கு. மாடியில் காக்கை ஓட்டியது நான். வீடியோவின் கீழே அம்மா கை மணம் என்று தெலுங்கில் எழுதியிருப்பதை லாவண்யா படித்துச் சொல்வாள். எந்த அம்மா, யார் கை? சுகுணம்மா போனில் சிரித்தால் எனக்கு வயிறு எரியும். அவர்கள் அனுப்பிய ஆவக்காயைத் தொடாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

என் பெயரை முழுதாக யாராவது கூப்பிட்டுப் பல காலம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது "பச்சையம்மாள்" என்று கூப்பிடுவார். நான் வெட்கத்தில் மெதுவாக "உள்ளேன் ஐயா" என்பேன். அவர் காதில் விழாமல் இன்னொரு தரம் கூப்பிடுவார். அந்த இரண்டாவது தரம் எனக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கோவிந்தன் சம்சாரம் என்றார்கள், அப்புறம் குமார் அம்மா. இந்தத் தெருவில் லாவண்யாவின் அத்தகாரு. எங்கள் ஊரில் என் பெயரைச் சொன்னால் தெரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எனக்கு அங்கே வீடில்லை. இங்கே வீடிருக்கிறது.

அடுத்த பங்குனி வந்தது. குமார் மூட்டையாக வெங்காயம் இறக்கினான். நான் கை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். லாவண்யா பாவம், தைலம் தேய்த்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். நான் அசையவில்லை. நாலைந்து நாள் கழித்து சுகுணம்மா போனில் வந்தார்கள்.

"வதினா, வெங்காயம் மொளைக்குதாம். என்மேல கோவம்னா என்ன திட்டு. வெங்காயம் இன்னா பண்ணிச்சி உன்ன?"

"கோவம் ஒண்ணும் இல்லிங்க."

"லேதா? இல்லனா ஏன் என் ஆவக்காய துன்ன மாட்டேங்கற? லாவண்யா சொன்னா."

"அது என்னுதுங்க" என்றேன். "வடகம் என்னுது. உங்க பேர சொல்லிக்கினு போவுது."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மூஞ்ச காட்டுன்னா மூடிக்கற. பேர சொல்லுன்னா உள்ள ஓடிப்போற. ஊருக்கு எப்டி தெரியும் வதினா? எனக்கு மட்டும் எரியலன்னு நெனச்சிக்கினியா? வர்ற போன் எல்லாம் வடியாலு, வடியாலுதான். ஆவக்காய் இருக்குதான்னு ஒருத்தி கேக்கல. எங்க வீட்டுக்காரரே, வதினா வடகம் கொஞ்சம் அனுப்பச் சொல்லுன்றாரு. நான் யாருகிட்ட போயி சொல்றது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்குள் குளுகுளு என்று இருந்தது. அவர்களுக்கும் எரிகிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குக் கை வலி விட்டது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

லாவண்யா போனிலேயே காசில்லாமல் புது லேபிள் செய்து, பக்கத்துத் தெருவில் அச்சடித்து வாங்கி வந்தாள். ஒவ்வொரு பொட்டலமும் வீடு வீடாகப் போகிற நோட்டீஸ், யார் செய்தது என்று அதில் இருந்தால் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்கிறாள். அதையும் உங்களுக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மஞ்சள் லேபிள், நடுவில் என் கை வடகம் உருட்டுகிற படம். கடைப் பெயர், பொருள் பெயர், என் பெயர் மூன்றும் இருக்கிறது என்று சொல்லி விரலை ஓட்டிக் காட்டினாள். எது எது என்று நான் பிடிப்பதற்குள் போன் அடித்தது, எழுந்து போய்விட்டாள். குமாரிடம் காட்டினேன். வேனைத் துடைத்தபடி எட்டிப் பார்த்து, "கீதும்மா, கீது" என்றான். அவன் சரியாகப் பார்த்தானா என்பது சந்தேகம்.

எனக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றும் தெரியாது. எல்லாம் சுருள் சுருளாக, தலையில் ஒரு சின்னக் கொம்பு வைத்து இருக்கிறது. ஆவக்காய்ப் பொட்டலத்தையும் வடகப் பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டிலும் மேலே பெரிய எழுத்தில் ஒரே மாதிரி ஒரு வரி. அது சுகுணம்மாவாக இருக்க வேண்டும். கீழே இருப்பவற்றில் எந்தச் சுருள் நான்? லாவண்யாவை மறுபடி கேட்கலாம். கேட்டால் இந்தக் கிழவி நம்மை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாள். சுகுணம்மாவைக் கேட்பதற்கு மானம் விடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால், என் பெயர் எது என்று நானே போய்க் கேட்பது எப்படி?

ஆகவே இதைப் படிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். திருப்பதியிலோ சித்தூரிலோ, வேறு எங்கேயாவதோ, தெலுங்கு படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது அந்த மஞ்சள் பொட்டலத்தைப் பார்த்தால், அதில் பச்சையம்மாள் என்று முழுதாக இருக்கிறதா, பாதியில் நின்றுவிட்டதா என்று சரிபார்த்து இதன் கீழே தமிழில் எழுதுங்கள். சுகுணம்மா பெயரைவிட என் பெயர் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.