சும்மாவின் மேல் ஒரு வழக்கு

வழக்கறிஞர் வசந்தகுமாரி இதுவரை ஒரே ஓர் எதிரியோடுதான் சண்டை போட்டு வருகிறார். அது இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லை, லாரி முதலாளியும் இல்லை. அந்த எதிரியின் பெயர் ‘சும்மா’.

விபத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் குடும்பம் இழப்பீடு கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். இறந்தவர் சம்பளக்காரர் என்றால் சிக்கலில்லை, சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும். இல்லத்தரசி என்றால் எதைக் காட்டுவது? “உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று கேட்பார்கள். கூண்டில் நிற்கும் கணவர், சத்தியம் செய்த வாய் ஈரம் காய்வதற்குள், “சும்மா வீட்டில் இருந்தாள்” என்று சொல்லிவிடுவார். அவ்வளவுதான். லாரி விட்டுவைத்த மிச்சத்தையும் கணவர் முடித்துவைத்தாகிவிட்டது.

இந்த விஷயத்தில் ஹைதராபாத் கணவர்கள் காட்டும் ஒற்றுமையை நாடே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தமிழர் ‘சும்மா’ என்பார். தெலுங்கர் ‘ஊரிகே’ என்பார். பழைய நகரத்துக்காரர் உருதுவில் ‘காலி பைட்டீ தி’ என்பார். மொழி மூன்று, சாமி பல, கருத்து ஒன்று.

வசந்தகுமாரி லோத்குண்டாவில் வளர்ந்தவர். அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்துக்காக மதுரையிலிருந்து வந்தவர். கன்டோன்மென்ட் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தோழியை இந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகியதால், இன்றுவரை அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சட்டம் படிக்க விரும்பியபோது, மாமனார் பெருந்தன்மையோடு, “சும்மாத்தான இருக்கு, படிக்கட்டும்” என்று அனுமதி வழங்கினாராம். ஒரு வக்கீலை உருவாக்க இதைவிடப் பொருத்தமான ஆசீர்வாதம் கிடைக்காது.

ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில், அழுதுகொண்டிருப்பவரின் சட்டைப் பையில் விசிட்டிங் கார்டைச் செருகும் ஏஜென்ட்டுகள் இந்தத் தொழிலில் உண்டு. வசந்தகுமாரி அங்கே போவதில்லை. அவருடைய கெட்ட பழக்கம் வேறு. வழக்கை ஏற்றுக்கொள்ளும் முன், துக்கம் நடந்த வீட்டுக்கே போய்க் காபி கேட்பார்.

குஷாய்குடாவிலிருந்து ஹம்ஸினி என்ற பெண் அவரைத் தேடி வந்தபோது, ஏஜென்ட் பிடித்துக் கொடுத்த வக்கீல் மனுவை மட்டும் போட்டுவிட்டுத் தலைமறைவாகியிருந்தார். ஹம்ஸினியின் அம்மா கல்பகம், அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் சேர்த்துக் காய் வாங்க, போவன்பள்ளி மொத்தச் சந்தைக்குப் போயிருந்தார். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று அங்கேயே அவரை முடித்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்ட்டில் கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து அந்தப் பெண் தூங்கவில்லை.

“அம்மா இன்கம்னு இருக்கிற இடத்துல இங்கிலீஷ்ல ‘நில்’னு போட்டிருக்காங்க ஆன்ட்டி. ஜீரோகூட இல்ல, நில்.”

“அப்பா என்ன சொல்றாரு?”

“அப்பாதான் ஆன்ட்டி ப்ராப்ளமே.”

அப்பா பாலசுப்ரமணியன், குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். தானே அளந்து பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெயர் வாங்கியவர். கல்யாணப் பதிவேட்டில் எப்படிப் போட்டார் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

“காபி கிடைக்குமா சார்?” என்றபடி அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார் வசந்தகுமாரி.

சமையலறையில் டப்பாக்கள் திறந்து மூடும் ஓசை நெடுநேரம் கேட்டது. பிறகு டம்ளரில் ஒன்று வந்தது.

“இது காபியா டீயா சார்?”

“எனக்கும் அந்த சந்தேகம் இருக்கு மேடம்.”

“ஃபில்டர் எங்க?”

“அது அவளுக்குத்தான் தெரியும்.”

“காஸ் எப்படி புக் பண்றீங்க?”

“அவ ஃபோன்லேர்ந்து போகும்.”

“உங்க பிரஷர் மாத்திரை?”

“கார்த்தால தட்டுக்குப் பக்கத்துல இருக்கும்.” பரிசோதகர் சாப்பாட்டு மேஜையைத் திரும்பிப் பார்த்தார். “இப்ப இருக்கறதில்லை.”

“சரி, இப்பச் சொல்லுங்க. அம்மா என்ன வேலை பாத்தாங்க?”

“வேலைக்கெல்லாம் போகலை மேடம். ஆத்துல சும்மாதான் இருந்தா.”

“நக்கோ சார், நக்கோ!” வசந்தகுமாரி ஹைதராபாத் உருதுவில் ‘வேண்டாம்’ என்று கத்தியதில் எதிர் ஃப்ளாட் கதவு திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“அப்பா, அலா செப்பொத்து, ப்ளீஸ்” என்று, அப்படிச் சொல்ல வேண்டாமென ஹம்ஸினி தெலுங்கில் கெஞ்சினாள்.

“பின்னே எப்படிச் சொல்லணும்? சம்பளம் கிடையாது, ஆர்டர் கிடையாது. வேலைன்னு கூண்டுல ஏறி சத்தியம் பண்ணச் சொல்றேளா?”

“பொய் வேணாம்ணே! உண்மைய முழுசாச் சொல்லுங்க, அது போதும்.” கோபம் தலைக்கேறினால் வசந்தகுமாரிக்கு எந்த சாரும் அண்ணனாகிவிடுவார்.

நீதிபதி கல்பகத்தின் வேலையை வேலை என்று ஏற்பாரா, மாட்டாரா என்பது இந்த மனிதரின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கோ ஆயுள்கால நேர்மையில் தோய்ந்தது. வசந்தகுமாரி பிரமாண வாக்குமூலத்தைத் தயார் செய்து கொடுத்தார். பாலசுப்ரமணியன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ‘விடியற்காலையில் எழுந்து’ என்ற வரியை அடித்தார்.

“கைக்கு சார், ஏன் அடிக்கிறீங்க? இதுல என்ன தப்பு?”

“நான் அப்ப தூங்கிண்டிருப்பேன். அவ எழுந்ததை நான் எப்படி சர்டிஃபை பண்றது?”

வசந்தகுமாரி வாக்குமூலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

விசாரணை நாள் வந்தது. கம்பெனி வக்கீல் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமலே கழுத்தை அறுக்கக்கூடியவர். தெலுங்கில் கேட்டார்.

“உங்கள் மனைவி எங்கேயாவது வேலை பார்த்தாரா?”

“இல்லை.”

“மாத வருமானம்?”

“கிடையாது.”

“அப்படியென்றால் வீட்டில் ஊரிகே இருந்தார். ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும்.”

ஹம்ஸினி கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தகுமாரி எழுந்து ஆட்சேபிக்க வாயைத் திறந்தார். பாலசுப்ரமணியன் முந்திக்கொண்டார். கும்பகோணம் வாடை வீசும் அவருடைய தெலுங்கைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“அப்படி சர்டிஃபிகேட் குடுக்க முடியாது சார். நான் கார்த்தால ஃபாக்டரிக்குப் போயிட்டு சாயங்காலம் வரவன். நடுவுல அவ சும்மா இருந்தாளான்னு நான் இன்ஸ்பெக்ட் பண்ணலை. பண்ணாததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று” என்றார் வக்கீல்.

“ஒண்ணு மட்டும் பாத்திருக்கேன், அதைச் சொல்றேன். மெஷின்லேர்ந்து ஒரு பார்ட்டைக் கழட்டினப்பறமும் மெஷின் ஓடிண்டே இருந்தா, அந்தப் பார்ட்டு சும்மா இருந்துதுன்னு எழுதலாம். எங்காத்துல அவ போனதும் எல்லாம் நின்னுபோச்சு. காஸ் நின்னுது. மாத்திரை நின்னுது. என் பொண்ணு சிரிக்கறது நின்னுது. சும்மா இருந்த பார்ட்டுன்னு இதை எந்த இன்ஸ்பெக்டரும் எழுத மாட்டான் சார்.”

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அவர் சொன்னபடியே பதிவு செய்யுங்கள்” என்று தட்டச்சரிடம் சொன்னார். கத்துவதற்கு எதுவும் மிச்சம் வைக்கப்படாத வசந்தகுமாரி, திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தாம் மூன்று மொழியிலும் சொல்லிக்கொடுத்துத் தோற்றதை, இந்த மனிதர் தம் சொந்தப் பிடிவாதத்தாலேயே சாதித்துவிட்டதை அவர் பின்னாளில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். வக்கீல்களிடம் அரிதாகக் காணப்படும் குணம் இது.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. ‘நில்’ தள்ளப்பட்டது. கல்பகத்தைத் திறன்பெற்ற தொழிலாளிக்குச் சமமாக வைத்து இழப்பீடு தரச் சொல்லியிருந்தார்கள். வசந்தகுமாரி நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே அறிவித்ததில், பக்கத்து அறையில் ஒரு குறுக்கு விசாரணை தடைப்பட்டது.

பாலசுப்ரமணியன் தீர்ப்பை நின்றபடியே படித்தார். திரும்பவும் படித்தார்.

“ஸ்கில்டுன்னு போட்டிருக்காளே மேடம்.”

“ஆமா சார்! அது எவ்வளவு பெரிய விசயம் தெரியுமா?”

“தப்பு. ஸ்கில்டுன்னா சொன்ன வேலையைச் செய்யறவன். கல்பகத்துக்கு யார் சொன்னா? அவ எங்களுக்குச் சொன்னா. இது சூப்பர்வைசர் கிரேடு. அப்பீல் போடணும்.”

“ஜெயிச்ச கேஸு சார்! வருசக்கணக்கா இழுக்கும்ணே!”

“இழுக்கட்டும். கிரேடு தப்பா இருக்கே.”

வசந்தகுமாரி உதவி வேண்டி ஹம்ஸினியைப் பார்த்தார். அவள் அப்பாவின் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக் கவனமாக மடித்தாள்.

“ஹவ் ஆன்ட்டி, ஆமா, அப்பீல் போடுங்க.”

வேறு வழியில்லை. வசந்தகுமாரி தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்து, மேல்முறையீட்டின் முதல் காரணத்தை எழுத ஆரம்பித்தார். பாலசுப்ரமணியன் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று, ஒவ்வொரு வரியையும் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.