பேனருக்குக் கீழே தெரிந்த செருப்புகள்

கட்சித் தொண்டு என்பது முகத்தைக் காட்டிச் செய்கிற வேலை. எங்கள் பிரிவில் மட்டும் அதை முகத்தை மறைத்துக்கொண்டு செய்தோம்.

ஹைதராபாதில் ஒரு சின்னக் கட்சி. தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் உரிமைக்கென்று அதற்குள் ஒரு பிரிவு. நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்ன மறுவருடம் சேர்ந்தேன். வாரநாளில் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஞாயிற்றுக்கிழமை கட்சி. குடியிருப்பது மௌலா அலியில், அப்பா அம்மாவோடு. நான் ஆண்களை விரும்புகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த வீடு எனக்கு இல்லாமல் போய்விடும் என்று பயம். அதனால் குழாய்த் தண்ணீருக்காகப் போராடுகிற கட்சியின் தண்ணீர்ப் பிரிவில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். வெயிலில் கொடி தூக்கிய, பந்தலுக்குக் கயிறு பிடித்த தோழர்களே, உங்கள் பாடெல்லாம் எங்களுக்கும் உண்டு. அதற்கு மேல் இது வேறு.

நாற்காலி

கட்சி அலுவலகம் நாச்சாரத்தில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல் மாடி. அதைப் பார்த்துக்கொண்டவர் நரசிங்கண்ணா. கறாரான மனிதர், விரிந்த மீசை. முதல் கூட்டத்தன்று அவர் எங்களை வெளியே தள்ளிவிடுவார் என்றே நினைத்தேன். நாங்கள் யார், எங்களுக்கு என்ன வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம் அவரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து கேட்டது இவ்வளவுதான்: “சப் சமஜ் கயா பாபு, எல்லாம் புரிஞ்சுது. நாற்காலி போதுமா, கீழேயிருந்து இன்னும் கொண்டுவரச் சொல்லவா?”

ஒரு சால்வை

எங்கள் கட்சி வழக்கப்படி ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். சொந்தப் பெயரை மைக்கில் கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. கூடிப் பேசி, பொதுவாகக் ‘குமார்’ என்று ஒரு பெயர் கொடுத்தோம். நாகர்கோவில்காரன் ஸ்டான்லி மேடையேறுவதாக ஏற்பாடு. விழாவன்று அலுவலக வேலையாக அமெரிக்காக்காரர்களோடு போனில் மாட்டிக்கொண்டு அவன் வெளியே நின்றான். சரி, நீங்கள் ஏறுங்கள் என்று எங்கள் பிரிவின் தார்நாகா டாக்டர் சாரைத் தயார் செய்தோம். ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி, அதிர்ந்து பேசாத மனிதர்.

“குமார் காரு!” என்று தெலுங்கு மரியாதையோடு மைக் கூப்பிட்டது. டாக்டர் சார் இடப்பக்கப் படியில் ஏறினார். போனை முடித்துவிட்டு ஓடிவந்த ஸ்டான்லி வலப்பக்கப் படியில் ஏறினான். தலைவர் இரண்டு பேரையும் பார்த்தார், கையிலிருந்த ஒற்றைச் சால்வையைப் பார்த்தார். பிறகு இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்லி, சேர்த்தே போர்த்திவிட்டார். மண்டபம் கைதட்டியது. எங்கள் சாந்தினிக்கா, மௌலா அலி மலையடிவாரத்துத் திருநங்கை, பின்வரிசையிலிருந்து கத்தினார்: “நிக்காஹ் தோ ஹோ கயா! கல்யாணம் முடிஞ்சுது, பிரியாணி எப்போ?”

குழாய்

நான் சொன்ன பொய்யை அப்பா அப்படியே நம்பினார். பொதுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்பாசமுத்திரத்துக்காரர். எதையும் கணக்குக் கேட்பார். “ஞாயித்துக்கெழம தவறாமப் போற. நம்ம குழாயில காத்துதானல வருது?” என்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுவேன்.

ஒருமுறை எங்கள் தெருவில் உடைந்த குழாயை மாநகராட்சி சரிசெய்தது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா சொன்னதை உள்ளேயிருந்து கேட்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னது: “எம் மவன் கட்சியில சொல்லி வாங்கித் தந்ததாக்கும்.”

நோட்டீஸ்

பேருந்து நிறுத்தத்தில் நான் நீட்டிய நோட்டீசை ஒருவரும் வாங்கவில்லை. சாந்தினிக்கா நீட்டியதை எல்லாரும் வாங்கினார்கள், சிலர் படிக்கவும் செய்தார்கள். என்ன மந்திரம் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ பயந்து பயந்து குடுக்கறே. லோகாங் எல்லாரும் கோர்ட் நோட்டீஸ்னு நெனைக்கறாங்க. நக்கோ பாபு, அப்படி வேணாம், சிரிச்சுக் குடு.”

செருப்பு

வார்டு ஊர்வலத்தில் எல்லாப் பிரிவும் பேனரோடு வர வேண்டும் என்று உத்தரவு. பத்திரிகைப் புகைப்படக்காரர் வருவார் என்றதும் முகத்தை எங்கே ஒளிப்பது என்று கூடிப் பேசினோம். பிறகு ஸ்டான்லிக்கு ஒரு யோசனை உதித்தது: பேனரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தீர்ந்தது. அப்படியே பிடித்தோம். சாந்தினிக்கா மட்டும் பேனருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

மறுநாள் தெலுங்குப் பேப்பரில் படம் வந்தது. சாந்தினிக்காவின் சிரிப்பு, பிரிவின் முழுப் பெயர், பேனருக்குக் கீழே வரிசையாகக் கால்கள். அதில் ஒரு ஜோடி, அம்மா வாங்கிக் கொடுத்த செருப்பு. அறுந்த வாருக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைத்ததும் அம்மாதான். பேப்பரைப் பார்த்துவிட்டு அவள் எழுந்து போனாள். அடுக்களையில் அழுதாள். நானாகவே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஹாலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஒரு பையில் நாலு சட்டையை எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் அதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பின்னால் நின்றார். நான் குனிந்தபடியே வாரை இழுத்து மாட்டினேன்.

“ஏல, அடுத்த மட்டம் அந்தப் பேனரக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்கல. எவன் புள்ளன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா?”

எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வீடு எனக்குக் கிடைத்தது, நன்றி சொல்ல ஆளும் நிறைய உண்டு; தண்ணீர்தான் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அதற்கு அப்பா இன்றும் என்னைத்தான் கேட்கிறார்.