தங்கம் கேட்ட கழுத்து

எனக்குக் கவரிங் ஒத்துக்கொள்ளாது என்பதை ராஜபாளையத்தில் என் புகுந்த வீட்டார் ஒரு தந்திரம் என்றே நம்பினார்கள். எண்பதுகளில், மணமான புதிதில், கழுத்தில் கொப்புளம் கண்டபோது, தங்கத்துக்கு அடிபோடுகிறேன் என்று முடிவுகட்டியவர் என் கணவரின் தாயார். "மகாராணி கழுத்து. தங்கந்தான் கேக்கும்" என்பார் அத்தை. ஊக்கு பட்ட இடமும் தடிக்கிறதே என்றால், ஊக்கையும் ஆசாரியிடம் செய்யச் சொல்வோமா என்று கேட்பார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நழுவி, இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது. திருகாணி வைத்து நிறுத்த வேண்டும், தாமதித்தால் நடை போய்விடும் என்றார் மதுரை மருத்துவர். என் கொப்புளக் கதையைக் கேட்டதும், கவரிங்கிலும் எஃகிலும் உள்ள நிக்கல் எனக்கு ஆகாது என்று ஐயுற்று, டைட்டானியம் வேண்டும் என எழுதிக் கொடுத்தார். அது எங்கள் சக்திக்கு மீறியது. நூற்பாலையில் வேலை பார்த்த என் கணவர் எடுத்திருந்த மருத்துவக் காப்பீடே வழி.

ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு என் கழுத்தை நோக்கினார். தங்கத்தாலி கிடந்த கழுத்தில் ஒரு தழும்பும் இல்லை. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது, அத்தையின் பார்வை. விசாரித்துச் சொல்வதாகக் கூறினார்.

சில நாளில், எஃகுக்கு மட்டுமே ஒப்புதல் என்று பதில் வந்தது. தோல் நோய் ஏதுமில்லை என அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தெரியவந்ததாம். அத்தைதான் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நான் உள்ளூர எண்ணினேன்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். "கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து ஒங்க வீட்டைப் பத்தி விசாரிச்சாரே, தகவல் வந்துச்சா? ஒருத்தருக்கும் ஒரு வியாதி கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. முன்பின் அறியாதவர் வந்து நோய்நொடி விசாரித்தால், எங்கள் தெருவில் அது சம்பந்தத்துக்குத்தான். பாவம், அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்தார்.

கேட்டுக்கொண்டிருந்த அத்தை உள்ளே போய், பழைய கவரிங் சங்கிலி ஒன்றை எடுத்துவந்தார். "போட்டுக்கிடுட்டி. நான் சொல்லுத வரைக்கும் கழட்டாத." காப்பாற்றுகிறாரா, சோதிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாளும் என் கழுத்தை அவர் அடிக்கடி வந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் என்னைப் பேருந்தில் அழைத்துச் சென்று அந்த அதிகாரியின் முன் நிறுத்தி, என் முந்தானையை விலக்கினார். கழுத்தைச் சுற்றிக் கொப்புளங்களில் நீர் கோத்திருந்தது.

"இத்தன வருசமா இவ நடிக்கான்னு சொன்னவ நாந்தான். நீங்களும் அதையே சொல்லுதீக. பாத்துக்கிடுங்க."

அதிகாரி நெடுநேரம் பார்த்தார். தோல் மருத்துவரின் சோதனைச் சான்று கேட்டார்; கொடுத்தோம். டைட்டானியத்துக்கு ஒப்புதல் வந்தது.

திரும்பும் பேருந்தில் சங்கிலியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, தேங்காயெண்ணெய் தடவு என்றார் அத்தை. தங்கம் பற்றிய பேச்சை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

அத்தை இப்போது இல்லை; என் கணவரும் இல்லை. நாத்தனார் மம்சாபுரத்தில் வாழ்கிறாள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன், நடமாடிக்கொண்டு.