சீதன வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்

எங்கள் பகுதியில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குத்தான். மகள் பிறந்ததுமே தகப்பன் அத்திவாரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார். என் அப்பாவும் வாவிக் கரையோரம் எனக்கென்று ஒரு கல்வீடு கட்டினார். அதில் கிழக்கு பார்த்த பெரிய அறை புதுமாப்பிள்ளை பொம்பிளைக்கு என்று சொல்லிச் சொல்லியே கட்டப்பட்டது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை சண்டைக் காலத்தில் வெளிநாடு போனார். போன இடத்தில் குடும்பமாகிவிட்டார் என்று பிறகு தெரிய வந்தது. வேறு இடங்களிலும் பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். தபால் கந்தோர் வேலையிலிருந்தும் ஓய்வு கிடைத்தது. நான் சமையல் குசினியிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலுமாக வாழ்ந்தேன். பூட்டிய பெரிய அறையில் நெல் மூட்டைகள் கிடந்தன.

சில காலைகளில் மீன்காரரோடு பேச வாயெடுத்தால் குரல் கரகரக்கும். முந்தின நாள் முழுக்க ஒருவரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

பக்கத்து வளவில் ஒரு குடும்பம். கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். சுற்றுலாப் பயணிகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கியபோது, அதே தோணியில் அவர்களை ஏற்றி, நீருக்குள் வளரும் கண்ணாக் காட்டையும் கொக்குகளையும் காட்டிக் கொண்டுவந்து விடுவார். ஒரு நாள் புருசனும் பெண்சாதியுமாக என் வாசலுக்கு வந்தார்கள்.

“வாறவங்க வாவியப் பாத்திட்டுப் போறாங்க அக்கா. திங்கிறதும் படுக்கிறதும் வேற எங்கயோ. ஊருக்கு என்ன மிஞ்சுது? உங்கட பெரிய அறை சும்மாதானே கிடக்கு,” என்றார் அவர்.

தனியாக இருக்கும் பெண், ஊர் பேர் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடுவதா என்று நான் தயங்கினேன். அவர் போன பிறகும் மனைவி நின்றாள்.

“நான் இரிக்கன் அக்கா. சமைக்க நான் வாறன். ஆக்கள் போற மட்டும் உங்களோடயே நிப்பன்.”

அந்தப் பேச்சுக்குத்தான் சம்மதித்தேன். விருந்தாளிகளுக்காக அல்ல, அவள் என்னோடு நிற்பாள் என்பதற்காக.

நெல் மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கட்டில் விரிப்பு வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடைக்காரர் சரிகைக் கரை போட்டதை விரித்துக் காட்டி, “கலியாண வீடா அக்கா?” என்று கேட்டார். இல்லை, வெளிநாட்டு ஆட்கள் தங்க வருகிறார்கள் என்றேன். “நல்ல விசயம்,” என்று அதை மடித்து வைத்துவிட்டு வெள்ளை விரிப்பை எடுத்துப் போட்டார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கமே பார்த்திருந்தேன்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு பிரான்ஸ் நாட்டுச் சோடி, பிறகு கொழும்பிலிருந்து, பிறகு எங்கெங்கிருந்தோ. நண்டும் இறாலும் எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவுக்குள்ளேயே விலைப்பட்டன. பின்வீட்டுப் பெண் விடியற்காலையில் இடியப்பம் அவித்துத் தந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவிலிருந்து ஒருவர் எருமைத் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தோணிக்காரர் உட்காரப் பலகையும் வெயிலுக்குப் பந்தலும் போட்டார். தெரு சற்று நிமிர்ந்தது போல இருந்தது.

ஆனால் அவர்கள் புறப்பட்ட பிறகு வரும் மத்தியானங்களை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. உடம்பு துடைத்த ஈரத் துவாயும், வெயிலுக்குப் பூசும் களிம்பின் மணமும், கட்டிலில் இரண்டு தலைகள் கிடந்த பள்ளமும் அறையில் மிஞ்சும். விரிப்பை உருவித் தோய்த்துக் காயப் போட்டால் வீடு முன்னைவிட வெறுமையாகிவிடும். முன்பு அந்த அறை பூட்டிக் கிடந்தது. இப்போது அதில் ஆள் இல்லாதது கண்ணில் பட்டது.

மாரி மழை தொடங்கும் நாட்களில் ஒரு நோர்வேக்காரி தனியாக வந்தாள். என்னைவிட மூத்தவள். பேச்சுக் குறைவு. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வைத்து மறித்துவிட்டார்கள். இப்படியான நேரத்தில் அறை கொடுப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கஞ்சி கொண்டு போனேன். பகல் முழுக்கக் கட்டிலருகே இருந்தேன். தோணிக்காரர் செவ்விளநீர் கொண்டுவந்தார். இடியப்பக்காரி கும்பிட்டுத் திருநீறு கொண்டுவந்து, பூசலாமா என்று என்னிடம் கேட்டாள். தயிர்க்காரர்கூட வந்து வாட் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்ட அன்று அவள் மெல்லப் பேசினாள்; தபால் கந்தோரில் பழகிய ஆங்கிலம் எனக்குப் போதுமாக இருந்தது. தானும் ஏரிக்கரை வீடொன்றில் தனியாகத்தான் இருக்கிறாளாம். “அங்கே எனக்கு இப்படி வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இங்கே ஒரு தெருவுக்கே தெரிந்துவிட்டது,” என்றாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும் என்று அந்த வாட்டில் இருந்தபடி யோசித்தேன். தெரியும் போலத்தான் இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புறப்படும்போது அவள் என் கன்னத்தில் முத்தமிட்டாள். அப்படி யாரும் செய்து பழக்கமில்லாததால் நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். ஊருக்குப் போய்த் தன் சிநேகிதர்களை அனுப்பினாள். அவர்கள் வேறு பேரை அனுப்பினார்கள். இருக்கிற அறை போதாமல் வந்தது. ஒரு பின்னேரம் பக்கத்து வளவுக்காரி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நாங்களும் ஒரு அறை கட்டுவமா எண்டு யோசிக்கம். உங்களுக்கு மனவருத்தம் எண்டா வேணாம்.”

“கட்டுங்க புள்ள. எத்தின நாளைக்கு என்ட குசினியில நிப்பாய்?” என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன். அவளுடைய மூத்த பிள்ளை கம்பஸ் படிப்புக்கு எடுபட்டு, செலவு கூடியிருந்தது. அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் தன் வீட்டிலேயே உலை வைத்த முதல் நாள், நான் வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். இப்போது எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அறை இருக்கிறது. யாருக்கும் மனக்குறை வரக்கூடாதென்று எல்லோரும் இருந்து பேசி, முறை வைத்து ஆட்களை அனுப்புகிறோம். என் முறை வருவதற்கு நாட்கள் ஆகின்றன. தெருவுக்கு இது நல்லது. எனக்கு நீண்ட மத்தியானங்கள் திரும்பி வந்திருக்கின்றன.

போன கிழமை பக்கத்து வளவுக்காரி வேலிக்கு அங்காலிருந்து கூப்பிட்டாள். தன் வீட்டில் தங்க வந்திருப்பவர்களின் பேச்சு விளங்கவில்லையாம். போனேன். ஜெர்மன்காரர் இருவர். எதில் உறைப்புப் போடக்கூடாது, தோணி எப்போது வெளிக்கிடும் என்பதையெல்லாம் இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டு, என்னைக் காட்டி, இது உன் அம்மாவா என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். ‘மதர்’ என்ற அந்தச் சொல் அவளுக்குத் தெரியும்.

“ஓம்,” என்று தலையாட்டினாள்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை, திருத்தவும் இல்லை. தோணி கண்ணாக் காட்டுப் பக்கம் திரும்பும் வரைக்கும் அவளோடு கரையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு ஆளுக்கு அரிசி களைந்து உலையில் போட்டேன்.